அஞ்சலையின் கல்லுக்கு ஒரு சொல்

1

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இதனைப் படிக்க நேரும் அன்பர்கள், கல்லறைக் கல் ஒன்றைக் குறித்து ஒரு கிழவன் இத்தனை நீளமாக எழுத வேண்டுமா என்று எண்ணக்கூடும். எனக்கும் முதலில் அவ்வாறுதான் தோன்றியது. என் மனைவி அஞ்சலை மறைந்து ஓராண்டு நிறைந்த கிழமையில், இந்நகரத்துக் கல்லறை அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. மண் அமர்ந்துவிட்டது, இனிக் கல் நடலாம் என்றும், கல்லில் வரவேண்டிய சொற்களை முன்னதாகவே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும், அயல்மொழிச் சொல்லாயின் அதன் ஆங்கிலப் பொருளையும் உடன் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இங்குள்ள நம்மவர் பெரும்பாலும் எரித்துச் சாம்பலை ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். அஞ்சலை அதற்கு ஒப்பவில்லை. "புள்ளைய எப்படி மண்ணுல வச்சோமோ அப்படியே என்னயும் வச்சிடுங்க" என்றாள். எங்கள் முதல் குழந்தையைச் சொன்னாள். பிறகு மருத்துவமனைப் படுக்கையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்.

"கல்லு நட்டா நடுங்க. என் தல மேல அவ பேர மட்டும் எழுதிப்புடாதீங்க. அவ சம்பந்தப்பட்டது எதுவும் வேணாம்."

'அவ' என்றது தியாகதுருகத்தை அடுத்த அவள் பிறந்த ஊரின் மாரியம்மனை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அஞ்சலைக்கும் அந்த அம்மனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் சரி என்று வாக்களித்தேன். ஆனால் நான் நம்பிக்கையுள்ளவன். இந்த அயல் மண்ணில், அவள் தலைமாட்டில் தெய்வத்தைச் சார்ந்த ஒரு சொல்லேனும் இல்லாமல் அவளை விட்டுவைக்க என் மனம் துணியவில்லை. வாக்குக்கும் அச்சத்துக்கும் நடுவில் நான் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதுகிறேன்.

2

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். உறவினர் ஒருவரின் உணவகத்தில் பாத்திரம் துலக்க இந்நாட்டுக்கு வந்தேன். பின்னர் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். மூன்று கை மாறிய ஒரு தடித்த ஆங்கில அகராதியைப் பழைய பொருள் கடையில் வாங்கி, உணவு இடைவேளைகளில் படித்தேன். சொல்லின் பொருளோடு அது எங்கிருந்து வந்தது என்பதையும் அந்நூல் கூறும். பொருளைவிடப் பிறப்பே எனக்குச் சுவையாயிருந்தது.

தெய்வத்தைக் குறிக்கும் சொற்களில்தான் என் விரல் அதிகம் நின்றது. ஆண்டவனை இவர்கள் 'லார்ட்' என்கிறார்கள். அதன் பழைய வடிவத்துக்கு ரொட்டியைக் காப்பவன் என்பது பொருள். வீட்டில் மாவு பிசைந்தவளே 'லேடி' ஆனாள். நாளெல்லாம் ரொட்டித் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது ஒரு பெருமிதம் உண்டாயிற்று. 'ஹோலி' என்ற புனிதச் சொல்லின் வேர், பழுதின்றி முழுமையாயிருத்தல். சாமி வந்து தலை சுழல ஆடுபவரைக் குறித்த பழஞ்சொல்லே இன்று வெறும் தலைச்சுற்றலுக்கு 'கிட்டி' என்று தேய்ந்துவிட்டது. 'பிளெஸ்' என்றால் வாழ்த்து, அருள். நம் ஊர்ப் பிள்ளைகள்கூட இன்று தும்மினால் அதைச் சொல்கின்றன. அச்சொல்லின் அடியில் இருப்பது இரத்தம். பலியின் இரத்தத்தால் ஒன்றைத் தொட்டுத் தூய்மையாக்குதல் என்பதே அதன் முதற்பொருள்.

இதைப் படித்தபோது கரியாலூர் கண்முன் வந்தது. இளமையில் கல்வராயன் மலைமேல் கூட்டுறவுக் கடையில் எடை போடுபவனாக இருந்தேன். விதைப்புக்கு முன் மலைக்குடும்பங்கள் சாமை விதையைக் கூடையில் கொட்டி, சேவலை அறுத்து அதன்மேல் துளி தெளிப்பார்கள். அருகில் நின்ற மலைக்காரர் ஒருவரிடம் எதற்கு என்று கேட்டேன். "வெத சும்மா போனா முளைக்காது சாமி, சொல்லி அனுப்பணும்" என்றார். அகராதி பல பக்கங்களில் கூறியதை அவர் அன்றைக்கே முடித்துவிட்டார் என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்தச் சேவலுக்கு எவன் பிளெஸ் சொன்னான்?" என்று மட்டும் கேட்டாள்.

'காட்' என்ற சொல்லுக்கு வந்தேன். அறிஞர்கள் இரண்டு விதமாகச் சொல்வதாக அகராதி கூறிற்று. கூவி அழைக்கப்படுபவர் என்பது ஒன்று. யாருக்கு ஊற்றப்படுகிறதோ அவர் என்பது மற்றொன்று. ஆதியில் தெய்வத்துக்கு நீரும் நெய்யும் கள்ளும் ஊற்றினார்கள், அந்த ஊற்றுதலிலிருந்தே பெயர் பிறந்தது என்பது பின்னவர்களின் கருத்து. எனக்கு மெய்சிலிர்த்தது. ஆடி மாதம் வீடுதோறும் குடத்தில் கூழ் கொண்டுவந்து அம்மன் முன்னிருக்கும் கொப்பரையில் ஊற்றுவதன்றி நம் பக்கத்துக்கு வேறு பெரிய வழிபாடு ஏது? ஓடிச்சென்று அஞ்சலையிடம் சொன்னேன்.

"ஊத்தறதாலதான் அவ சாமியா?" என்றாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப நான் ஊத்தாத போனா அவ யாரு?"



3

அவள் ஊற்றாமல் நிறுத்திய கதையை இனிச் சொல்லவேண்டும்.

இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி நம் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எங்கள் சாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் உரிய பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. அது நியாயமானது. எட்டாம் வகுப்போடு நின்ற நான் அன்றும் அதை நியாயம் என்றேன், இன்றும் அதையே சொல்வேன்.

எங்களுக்கு நெடுநாள் குழந்தையில்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக அஞ்சலை வேண்டிக்கொண்டு, ஆண்டுதோறும் கரியாலூரிலிருந்து பேருந்தில் இறங்கிச் சென்று, பிறந்த வீட்டிலிருந்து தலையில் குடம் சுமந்து ஊற்றினாள். கதிர்வேல் பிறந்தான். அவன் தவழ்ந்த ஆண்டு ஆடியில், இடுப்பில் அவனும் தலையில் குடமுமாகப் போனாள். அதற்கு அடுத்த மாதமே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். வலிப்பு நிற்கவில்லை. "இங்க வச்சிக்கினு இருக்காதீங்க, பாண்டிச்சேரிக்கு எடுத்துக்கினு போங்க" என்றார் மருத்துவர். வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தோம்.

தியாகதுருகம் தாண்டியதும் சாலை இல்லை. மறியலுக்காக இருமருங்கும் நின்ற புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பச்சை இலையும் காயுமாகக் கிடந்தன. அவற்றின்மேல் எங்கள் ஆட்களே அமர்ந்திருந்தார்கள். அஞ்சலையின் அண்ணன் ஏழுமலை கையில் கோடரியோடு நின்றார்.

"மாப்ள, நீங்க இன்னா இந்தப் பக்கம்?" என்றவர், காருக்குள் பார்த்ததும் கோடரியைப் போட்டுவிட்டார். "டேய், கொயந்தடா! நம்ம அஞ்சல புள்ளடா! வழி வுடுங்கடா!"

வழி விட எவரும் மறுக்கவில்லை. ஆனால் மரத்தை வெட்டிய கைகளால் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. இருபது பேர் சேர்ந்து உந்தியும் அடிமரம் அசையவில்லை. "வண்டி வேணாம் மாப்ள, கையில குடு" என்று ஏழுமலை பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மரங்களின்மேல் ஏறி ஏறி ஓடினார். களைத்தபோது இன்னொருவர் வாங்கினார். அவரிடமிருந்து வேறொருவர். உளுந்தூர்பேட்டைப் பக்கம் வண்டி கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். கொள்கைக்காகச் சாலையில் அமர்ந்தவர்கள் எங்கள் பிள்ளைக்காகச் சாலையில் ஓடினார்கள். இதை நான் எங்கும் சொல்வேன்.

வழியில் சாலையோரம் சிறிய அம்மன் கோயில் ஒன்று இருந்தது. அஞ்சலை அங்கே ஒரு கணம் நின்று, "ஆத்தா, போன மாசந்தான ஊத்தனேன்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பியபோது முன்னால் ஓடியவர்கள் நின்றுவிட்டிருந்தார்கள். ஏழுமலை பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தமையன்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் அவள் காலடியில் விழுந்து அழுதபோது, "நீ இன்னா பண்ணுவண்ணா. நீ ஓடன. அவதான் பாத்துக்கினு இருந்தா" என்றாள். அன்றோடு அம்மனிடம் பேச்சை நிறுத்தினாள்.

4

இதனை இந்நாட்டவர்க்கு விளக்குவது கடினம். இவர்களிடம் நம்புகிறவர் உண்டு, நம்பாதவர் உண்டு, ஐயுறுபவரும் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அஞ்சலை அம்மனை ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. இல்லாத ஒருத்தியோடு எப்படிச் சண்டை போடுவது? பங்காளி வீட்டோடு உறவு அறுந்தால் எப்படித் தெருவில் எதிர்ப்பட்டாலும் முகம் திருப்பிப் போவோமோ அப்படித்தான் அவள் இருந்தாள். வீட்டில் நான் வைத்திருந்த படத்தை அலமாரிக்குள் மாற்றச் சொன்னாள். "உங்களுக்கு வேணும்னா வச்சிக்கினு கும்புடுங்க. எனக்கு மூஞ்சி காட்ட வேணாம்."

ஆடி பிறந்தால் இங்கும் கேழ்வரகு மாவு தேடி வாங்கிக் கூழ் காய்ச்சினாள். அக்கம்பக்கத்துப் பாகிஸ்தானியக் குடும்பம், எதிர்வீட்டுப் போலந்துக்காரர், என் தொழிற்சாலைத் தோழர்கள் என யார் வந்தாலும் ஊற்றினாள். அம்மனுக்குரிய முதல் கரண்டியை மட்டும் எடுத்து வைக்கவில்லை. நான் எடுத்துவைக்கப் போனால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

இந்நகரில் பழைய கிடங்கு ஒன்றை வாங்கிக் கோயிலாக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் என்னோடு வருவாள், ஆனால் வாசலோடு நின்றுவிடுவாள். மழையானாலும் குடைபிடித்து அங்கேயே நிற்பாள். பண்ருட்டிப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

"இன்னா அஞ்சலக்கா, உள்ள வரல?"

"நீ போயிட்டு வா. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

"இந்த ஊர்ல எவன்க்கா செருப்பு எடுக்கறான்?"

"வெளிய இருக்கறவன் எடுக்க மாட்டான். உள்ள இருக்கறவள நம்ப முடியாது."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினார். பிறகு என்னிடம் தனியே வந்து, "உங்க வூட்டம்மா மதம் மாறிட்டாங்களா?" என்று கவலையோடு கேட்டார். தெய்வ நிந்தனையைக் குறிக்கும் 'ப்ரொஃபேன்' என்ற சொல்லை அன்றுதான் தேடிப் பார்த்தேன். கோயிலுக்கு முன்னால், அதாவது வெளியே, என்பதே அதன் மூலமாம். அதில் பழியொன்றும் இல்லை. நிற்கும் இடத்தைத்தான் அது சொல்கிறது. குடையோடு வாசலில் நின்றவளைக் கண்டு, சொல் தோன்றிய காலத்தில் மனிதர்கள் இன்னும் கொஞ்சம் பொறுமையுள்ளவர்களாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

5

எங்கள் மகள் செல்வி இந்நாட்டிலேயே பிறந்தவள். தாயின் பேச்சை அப்படியே பேசுவாள், ஆனால் தமிழில் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவளுடைய பிள்ளைகள் எங்களோடு பேசுவதே குறைவு. என்னைக் கண்டால் கையசைத்துவிட்டு மாடிக்குச் செல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நான் பேசும் ஆங்கிலமும் அவர்களுக்கு அகராதி மணம் வீசுவதாகவே இருக்கும்.

மருத்துவமனையில் சேர்த்தபோது தாதி, மதம் எது என்று வினவினார். செல்வி உடனே, ஒன்றுமில்லை என்று விடையளித்தாள். நான் திடுக்கிட்டேன்.

"இன்னாம்மா அப்படிச் சொல்லிட்ட?"

"இன்னாப்பா, அம்மாக்குதான் சாமி நம்பிக்க இல்லையே. சின்னதுலருந்து பாக்கறேன், கோயிலுக்குள்ள வந்ததே இல்லையே?"

அவளுக்கு அண்ணன் ஒருவன் பிறந்து காய்ச்சலில் மறைந்தான் என்பது தெரியும். மற்றவை தெரியா. நாங்கள் சொல்லவில்லை, எங்களால் சொல்ல முடியவில்லை. அப்போதும் வாய் திறவாமல் இருந்துவிட்டேன்.

மருத்துவமனைப் பாதிரியார் ஒருவர் வந்து அமர்ந்து, கடவுள் உங்களோடு இருக்கிறார் என்று மென்மையாகக் கூறினார். நல்ல மனிதர். அதை நான் அவளிடம் தமிழில் சொன்னேன். அஞ்சலை கண்ணைத் திறக்காமலே, "இருந்தா எழுந்து போச் சொல்லுங்க" என்றாள். பாதிரியார் பொருள் கேட்டார். களைப்பாக இருக்கிறாள் என்றேன்.

அன்று பிற்பகல்தான் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

6

கல்லுக்கான சொற்களைச் செல்வி வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். கடவுளின் காவலில் உறங்குகிறார் என்றாள். வேண்டாம் என்றேன். கடவுள் அருள்க என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். "அப்புறம் இன்னாதாம்பா போடறது? வெறும் பேரா? எல்லாக் கல்லுலயும் ஏதோ ஒண்ணு கீதுப்பா. அம்மாக்கு மட்டும் ஒண்ணும் இல்லாத, அனாத மாதிரி."

அனாதை என்ற அச்சொல் என்னைத் தைத்தது. என் அச்சமும் அதுதான். இரண்டு மாலைகள் அகராதியோடு அமர்ந்தேன். தெய்வத்தைச் சார்ந்ததாயிருக்க வேண்டும், அஞ்சலை மறுத்த எதுவும் வெளியே தெரியவும் கூடாது. அப்படியொரு சொல் இருந்தால் வாக்கும் நிற்கும், என் மனமும் ஆறும். அப்படியொன்று இருந்தது. அது 'குட்பை'.

கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் நாள்தோறும் சொல்லும் சொல். கடவுள் உங்களோடிருப்பாராக என்ற பழைய வாழ்த்து, வாய்க்கு வாய் தேய்ந்து சுருங்கி இப்படியாயிற்று. அதற்குள் தெய்வம் இருக்கிறது, அது எவர் கண்ணுக்கும் படாது. செல்விக்கு மிகவும் பிடித்துவிட்டது. "சிம்ப்பிளா, அழகா கீதுப்பா" என்றாள். அலுவலகம் மறுப்பின்றி ஒப்புதல் தந்தது. நான் பல மாதங்களுக்குப் பின் நன்றாக உறங்கினேன்.

கல் வெட்டுமுன் வந்து பார்த்துப் போகுமாறு கல்தச்சர் அழைத்தார். செல்வியோடு அவருடைய கொட்டகைக்குச் சென்றேன். சாம்பல் நிறக் கல். மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் அஞ்சலையின் பெயர். அதன்கீழே சுண்ணக்கட்டியால் அந்தச் சொல்லை வரைந்து வைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடவுள் உன்னோடிருப்பாராக. அவள் தலைக்கு நேர்மேலே, அவள் படிக்கமாட்டாத எழுத்தில்.

"இது வேணாம்மா" என்றேன்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாப்பா இப்ப வந்து?"

சொல்லின் பிறப்பைச் சொன்னேன். பிறகு அதற்கு மேலும் சொல்ல வேண்டியதாயிற்று. கூழ்க் குடத்தையும், புளியமரங்களையும், அவள் மாமன் ஓடிய ஓட்டத்தையும், சாலையோரக் கோயிலில் அவள் தாய் அம்மனிடம் பேசிய கடைசி வார்த்தையையும், கல்தச்சரின் கொட்டகையில் நின்றபடியே சொன்னேன். அவர் தேநீர் வைக்கப் போவதுபோல் நாகரிகமாக அப்பால் சென்றுவிட்டார். செல்வி கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இத்தினி வருஷம் ஏம்பா சொல்லல?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அந்த வார்த்தைல சாமி கீதுன்னு எவனுக்குப்பா தெரியும்? அம்மாக்கே தெரியாது" என்றாள்.

"தெரியாதுன்னுதாம்மா போட நெனச்சேன்."

"உனக்கு வேணும் இல்ல, அது?"

"எனக்கு வேணும்."

"அப்ப இருக்கட்டுமேப்பா."

"எனக்குத்தான் வேணும். அவளுக்கு வேணாம். கல்லு அவளுது."

கல்தச்சர் திரும்பி வந்தபோது, அச்சொல்லை அகற்றிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். அவ்விடத்தில் வேறென்ன எழுத வேண்டும் என்றார். செல்விதான் சொன்னாள், ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி. கதிர்வேலுக்கும் செல்விக்கும் அம்மா. வேறேதும் உண்டா என்றார். இல்லையென்றாள். அவர் ஈரத்துணியால் பழைய சொல்லைத் துடைத்தார். கல்லின்மேல் கொஞ்ச நேரம் ஈரம் இருந்து, காய்ந்துபோயிற்று.

புதிய சொற்களுக்கும் ஒப்புதல் பெற்றுக் கல் நட்டாகிவிட்டது. அவள் கேட்டபடியே எல்லாம் நடந்தது. அன்று மாலை வழக்கம்போல் அலமாரியைத் திறந்து அம்மன் படத்தின் முன் விளக்கேற்றினேன். வேண்டிக்கொள்ள வாய் எழவில்லை. அஞ்சலையை உன் காலடியில் சேர்த்துக்கொள் என்று கேட்க முடியாது, அவள் வரமாட்டாள். அவளை அவள் போக்கில் விட்டுவிடு என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் நான் போகுமிடத்தில் அவள் இருக்க வேண்டும். கைகளைக் குவித்தபடி எண்ணெய் தீரும்வரை நின்றிருந்தேன்.